டீச்சரும் பியூனும்

மைக்கைத் தட்டிப் பார்ப்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது. முப்பது வருஷமாக இந்த ஊரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, இரங்கல் கூட்டமோ, என் செட் ஒரு நாளும் பாதியில் ஊமையானது கிடையாது. அப்படி நான் சரிபார்த்து நிறுத்திய மைக்கை ஒருவர் வந்து ‘டொக் டொக்’ என்று தட்டினால் என் கன்னத்தில் தட்டுகிற மாதிரி இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை நகரசபைக் கூடத்தில் பேச வந்தவர்கள் எல்லாரும் தட்டினார்கள். ஒருவர் ஊதியும் பார்த்தார்.

ஏரி மீனை என்ன செய்வது என்று ஊரைக் கேட்கும் கூட்டம் அது. எங்கள் ஏரியில் இப்போது இருப்பது ஒரே மீன்தான் என்று சொன்னால் தப்பில்லை. ஒரு முழ நீளம், கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டது போலக் கறுப்பு வளையம். முள்ளும் சேற்று நாற்றமும் போக அதில் தின்ன ஒன்றும் மிஞ்சாது. அடி மண்ணைக் கிளறிக் கிளறியே ஏரியைக் கலக்கிவிட்டது. மற்ற மீன்களின் முட்டைகளைத் தின்று தீர்த்துவிட்டது. ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று சொல்கிறார்கள். ஊரில் அது டீச்சர் மீன். கண்ணாடி போட்டிருக்கிறதே, அதனால் அந்தப் பெயர் என்பார்கள். அது பாதிதான் சரி. மீதி என் அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

எங்கள் அப்பா கண்ணாடி வெட்டுபவர். சன்னலோ அலமாரியோ படச் சட்டமோ, அளவெடுத்து வெட்டி மாட்டுவார். ஒரு கோடு இழுத்து, கட்டைவிரலால் மெல்ல அழுத்துவார். கண்ணாடி சத்தமில்லாமல் இரண்டாகும். “நீங்க ரெண்டு பேரும் கேக்காத பேச்சை இந்தக் கண்ணாடி கேக்குது பாரு” என்று அம்மா எங்களிடம் சொல்வாள். மிஞ்சிய கண்ணாடிகளைச் சேர்த்து, தண்ணீர் கசியாமல் ஓரத்தில் மக்குப் பூசி, ஒருநாள் அப்பா மீன்தொட்டி ஒன்று செய்துவிட்டார். சந்தையில் இரண்டு மீன் வாங்கி விட்டோம். ஒவ்வொன்றும் விரல் நீளம்கூட இல்லை. பெண் மீனுக்குக் கண் வளையம் அழுத்தமாக இருந்தது. தொட்டியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் முறைத்துக்கொண்டே உலாவும். அக்கா அதற்கு டீச்சர் என்று பெயர் வைத்தாள். ஆண் மீன் எந்நேரமும் நாலு விரற்கடை பின்னாலேயே போகும். அதனால் அது பியூன் ஆனது.

அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் இருவரும் தரையில் குப்புறப் படுப்போம். தொட்டிக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான். தண்ணீர் வழியாகப் பார்த்தால் அவள் முகம் அகன்று, மூக்கு மட்டும் தனியாக மிதக்கும். “உன் மூஞ்சியை நீ பாக்கணுமேடா” என்று அவள் சிரிக்கும்போது பல் வரிசை தொட்டி நீளத்துக்குப் போகும். நடுவில் டீச்சர் எங்கள் இருவரையும் முறைத்துவிட்டுத் திரும்பும், பியூனும் திரும்பும்.

ஏரியும் அப்போது அந்தத் தொட்டி மாதிரிதான் இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் கால் நகம் தெரியும். பொடிப்பொடியான வெள்ளி மீன்கள் கூட்டமாக வந்து பாதத்தைக் கடிக்கும். கூச்சம் தாங்காமல் அக்கா போடும் கூச்சல் அக்கரை வரை கேட்கும். அந்த வெள்ளி மீனைப் பார்த்து முப்பத்தைந்து வருஷமாகிறது. அதன் பேச்சு வந்தாலே நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். ஏன் என்று இதோ சொல்கிறேன்.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஏழு. வீடு மாற வேண்டி வந்தது. புது வீடு சின்னது. முன்னறைச் சன்னலில் கண்ணாடியே இல்லை; மழை கேட்டுக் கேள்வியில்லாமல் உள்ளே வந்தது. அப்பா சன்னலைப் பார்த்தார், பிறகு தொட்டியைப் பார்த்தார்.

“வீட்டுக்குச் சன்னல் வேணுமா, மீனுக்கு வீடு வேணுமா? நீங்களே சொல்லுங்க” என்றார்.

மீனுக்கு வீடு என்று இருவரும் கை தூக்கினோம். எங்கள் ஓட்டு எடுபடவில்லை. தொட்டியைப் பிரித்துச் சன்னலுக்கு மாட்டுவது என்று முடிவானது.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஒரு மீனை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அவரிடம் ஒரே ஒரு ஜாம் பாட்டில்தான் இருந்தது. பியூன் அங்கே போனது. டீச்சரை அக்கா தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போய், “சமத்தா இரு” என்று சொல்லி ஏரிப் படியில் விட்டாள். பிறகு தினமும் சாயங்காலம் அதே படியில் நின்று “டீச்சர்! டீச்சர்!” என்று கூப்பிடுவாள். கரையோரத் தெருப் பிள்ளைகள் அதை விளையாட்டாகப் பிடித்துக்கொண்டு கூடவே கத்தினார்கள். பல வருஷம் கழித்துக் கண்ணாடி போட்ட மீன் வலையில் வந்தபோது, வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளிடம் பெயர் தயாராக இருந்தது. யார் வைத்த பெயர் என்பதை அதற்குள் மறந்துவிட்டார்கள்.

இதுவரை அக்காவுக்கும் தெரியும். இனிச் சொல்லப்போவது எனக்கு மட்டும் தெரிந்தது.

டீச்சர் போன மூன்றாம் நாள் நான் தையல்காரர் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷின் பக்கத்தில் ஜாம் பாட்டில் இருந்தது. அதற்குள் பியூன், முன்னால் போக ஆளில்லாமல், சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. “அப்பா திரும்ப வாங்கிட்டு வரச் சொன்னாரு” என்று புளுகிப் பாட்டிலோடு ஓடினேன். டீச்சரை விட்ட அதே படியில் கவிழ்த்தேன். டீச்சரும் தனியாக இருக்கக் கூடாது, பியூனும் தனியாக இருக்கக் கூடாது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பியூன் எங்கே என்று அக்கா கேட்டபோது செத்துப்போய்விட்டது என்றேன். அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, என்னவோ நான்தான் கொன்றதுபோல.

அக்கா வளர்ந்து அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ் ஆனாள். இந்த ஊரில் முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களில் பாதிப் பேரை முதலில் தூக்கியவை அவள் கைகள்தான். அதே காலத்தில் ஏரியும் கலங்கிக்கொண்டே வந்தது. “எந்தப் பாவி இந்த மீனைக் கொண்டுவந்து விட்டானோ” என்பது ஊரில் வணக்கம் சொல்வதுபோல ஆகிவிட்டது. படகுக்காரர் சொல்வார், மீன் கடைக்கார அம்மா சொல்வாள், என் மனைவியே குழாய்த் தண்ணீரைப் பார்த்துச் சொல்வாள். நான் தலையாட்டுவேன்.

ஒருநாள் ஏரிப் படியில் உட்கார்ந்து அக்கா என்னிடம் சொன்னாள். “நான் விட்டப்பவே அது வயித்துல முட்டை இருந்திருக்கும்டா. அது அங்க போய்ப் பெத்துப் பெருகிடுச்சு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு.”

அவள் பார்த்த உலகம் அப்படி. வார்டுக்கு வரும் பெண்கள் வயிற்றோடுதான் வருவார்கள். தகப்பன் வாசலில் நிற்பான், சில சமயம் அதுவும் இருக்காது. பிரசவம் பார்த்த கை மீனுக்கும் அதே கணக்குப் போட்டது. அப்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம். “விடுக்கா, யாருக்குத் தெரியப் போகுது” என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கூட்டத்தன்று காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் இன்னும் அந்தச் சின்ன வீட்டில்தான் இருக்கிறாள். முன்னறைச் சன்னலில் அப்பா மாட்டிய தொட்டிக் கண்ணாடியும் அப்படியே இருக்கிறது. மேலிருந்து நாலு விரல் இறங்கி, தண்ணீர் நின்ற கோடு மங்கலாக ஓடும். எத்தனை துடைத்தும் போகாதது. அக்கா சன்னலோரம் உட்கார்ந்து நகரசபை கொடுத்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்குக் கூட்டத்துல சொல்லிடப் போறேன்டா” என்றாள்.

“என்னத்தை?”

“நான்தான் விட்டேன்னு.”

“உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? உன்னை யாரு கேட்டா?”

“யாரும் கேக்கலை, அதுதான் பிரச்சினை. ஏரியில இனிமே பொண்ணு மீனே பொறக்காமப் பண்ணலாமான்னு ஊரைக் கேக்கறாங்க. முதல் பொண்ணை விட்டவ நான். வாயை மூடிக்கிட்டு எந்த முகத்தோட கையைத் தூக்கறது?”

“ஊரே உன்னைக் கரிச்சுக்கொட்டும்க்கா.”

“கொட்டட்டும். வார்டுல நான் வாங்காத திட்டா?” என்று சிரித்தாள். ஆனால் மடித்த அறிவிப்பை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். இந்த ஊரில் அவளுக்கு இருக்கும் ஒரே சொத்து அவள் பேர். கடைத்தெருவில் நடந்தால் பத்துப் பேர் நின்று பேசுவார்கள். அதைத்தான் அன்றைக்கு மேடையில் வைக்கப் போகிறாள், அதுவும் என் பங்கையும் சேர்த்து. நான் பாவி, அப்போதும் சொல்லவில்லை. வயர் கட்ட நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

கூடம் நிரம்பி வழிந்தது. ஒலிப் பெட்டிக்குப் பின்னால் ஓரமாக என் மேசை இருந்தது. அக்கா மூன்றாவது வரிசையில். நகரசபைத் தலைவி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பெண்ணிடம் மைக்கைக் கொடுத்தார். சின்ன வயதுப் பெண், தெளிவாகப் பேசினாள்.

“இந்த மீனை வலை போட்டு ஒழிக்க முடியலை. மிச்சம் ரெண்டு வழிதான். ஒண்ணு விஷம். ஏரியில இருக்கற எல்லாமே செத்துடும். இன்னொண்ணு, இதே மீன்ல மரபணுவைக் கொஞ்சம் மாத்தி நாங்க வளர்த்த ஆண் மீன்களை விடறது. அதுக்குப் பொறக்கற குஞ்செல்லாம் ஆணாத்தான் இருக்கும். அந்த ஆணுக்குப் பொறக்கறதும் ஆண். வருஷா வருஷம் விட்டுட்டே வந்தா பெண் மீன் குறையும், முட்டை குறையும். முப்பது வருஷத்துல தானாவே அத்துப்போயிடும்.”

அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்து மைக்குக்கு வந்தார்கள். தட்டினார்கள்.

“இயற்கையோட விளையாடக் கூடாதும்மா” என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர். “இந்த மீன் என்ன இயற்கையாவா வந்துச்சு? எந்தப் பாவியோ விட்டதுதானே!” என்று படகுக்காரர் பதிலுக்குக் கத்தினார். முப்பது வருஷம் கழித்துத் தீரும் வேலைக்கு இப்போது யார் பொறுப்பேற்பது, நடுவில் ஏதாவது கோளாறானால் யாரைப் போய்க் கேட்பது என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. ஆராய்ச்சிப் பெண்ணும் முழுசாகப் பதில் இல்லை என்று ஒத்துக்கொண்டாள். அவளை எனக்கு அதனாலேயே பிடித்துப்போனது.

மருந்துக்கடைக்காரர் எழுந்து, “அந்த மீனை யாராவது தின்னா அவங்களுக்கும் ஆம்பளைப் பிள்ளையாவே பொறக்குமா?” என்றார். பின்வரிசையில் ஒரு குரல், “அப்படின்னா எங்க வீட்டுக்கு ரெண்டு கிலோ!” என்றது. கூடம் சிரித்தது. அக்கா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பேசியவனுக்கு முப்பது வயதிருக்கும், அவனையும் முதலில் தூக்கியவள் அக்காதான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அறுந்து உட்கார்ந்துவிட்டான்.

ஆராய்ச்சிப் பெண் மறுபடி மைக்கை வாங்கினாள். “தின்னா அப்படியெல்லாம் எதுவும் ஆகாது. இன்னொரு விஷயம் சொல்றேன். ஏரியில பல இடத்துல நானூறு மீன் பிடிச்சுச் சோதிச்சோம். அத்தனையும் ஒரே தாயோட வழி. யாரோ ஒரே ஒரு பெண் மீனை விட்டிருக்காங்க.”

அக்கா எழுந்தாள்.

அவள் மைக்கைத் தட்டவில்லை. அன்றைக்கு அந்தக் கூடத்தில் தட்டாத ஒரே ஆள் அவள்தான். தம்பி சரிபார்த்து வைத்தது, தட்ட வேண்டியதில்லை என்கிற நம்பிக்கை.

“இந்த மீனை ஏரியில விட்டது...” என்று ஆரம்பித்தாள்.

என் விரல் தானாக இறங்கி அவள் மைக்கின் சத்தத்தை அடியோடு குறைத்தது. அவள் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. “மைக் செட்டு! தூங்கறியாய்யா?” என்று நாலு பக்கமும் கத்தினார்கள். முப்பது வருஷத்தில் முதல் தடவை. அக்கா என்னைப் பார்த்தாள். கோபமில்லை. வயர் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்துக் கையை அமர்த்தி, “இருங்க, அவன் சரி பண்ணிடுவான்” என்று சொன்னது வாயசைப்பில் தெரிந்தது.

அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. சத்தத்தைக் கூட்டினேன்.

“விட்டது நான்தான்” என்றாள் அக்கா. “பன்னெண்டு வயசுல. வீட்டுல வளர்த்த மீன். ஒத்தை மீன்தான். டீச்சர்னு நான் வச்ச பேருதான் நீங்க எல்லாரும் கூப்பிடறது. வயித்துல முட்டையோட இருந்தது எனக்குத் தெரியாது. முப்பத்தஞ்சு வருஷம் வார்டுல நின்னு பொண்ணு பொறந்திருக்குன்னு சொல்லியிருக்கேன். அதைக் கேட்டு முகம் சுருங்கினவங்களையும் பாத்திருக்கேன், அவங்களோட சண்டையும் போட்டிருக்கேன். பொண்ணே வேண்டாம்னு எழுதின காகிதத்துக்கு நானே சரின்னு சொல்லுவேன்னு நினைச்சதில்லை. ஆனா விஷம் வச்சா எல்லாமே சாகும். வாய்க்கால் மேல எங்கேயோ இன்னும் கொஞ்சம் வெள்ளி மீன் இருக்குன்னு இந்த அறிவிப்புல போட்டிருக்கு. அதாவது பொழைக்கட்டும். என்னை மன்னிச்சிடுங்க.”

படகுக்காரர் நம்ப முடியாமல், “நீங்களாம்மா?” என்றார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அக்கா கையில் பிறந்தவர்கள்.

ஆராய்ச்சிப் பெண்தான் முதலில் சுதாரித்தாள். “அம்மா, ஒத்தை மீனா விட்டீங்க? நல்லா ஞாபகம் இருக்கா?”

“ஒண்ணுதான்மா.”

“அப்ப அது நடக்காதும்மா. இந்த மீன் முட்டையைத் தண்ணியில போட்டப்புறம்தான் ஆண் மீன் வந்து சேரும். வயித்துலயே கரு ஆகாது. ஆண் இல்லைன்னா உங்க மீன் தனியாவே இருந்து செத்திருக்கும். வேற யாரோ ஒரு ஆண் மீனையும் விட்டிருக்கணும். நீங்க மட்டும் காரணமில்லை.”

அக்கா மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப... நான் இல்லையா?” என்றாள். அறுபது வயது முகம் சட்டென்று இளகி, தொட்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த முகமாகிவிட்டது. அழுதாள். கூடம் மூச்சு விட்டது. தபால்காரர் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அக்கா தப்பித்தாள், அவள் பேர் தப்பித்தது, என்னை ஒருவரும் நினைக்கவில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்போதுதான் படகுக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே, பழக்கதோஷத்தில் சொன்னார்: “பாவம் இந்தம்மா இத்தனை வருஷம் சுமந்திருக்கு. அந்த ஆண் மீனை எந்தப் பாவி விட்டானோ!”

அக்கா தலையாட்டினாள். நான் இத்தனை வருஷம் ஆட்டிய மாதிரியே.

மேசையில் சோதனைக்கு வைத்திருக்கும் மைக்கை எடுத்தேன். வேலை செய்கிறதா என்று நம்பிக்கை இல்லாமல், வாழ்க்கையில் முதல் முறையாக, தட்டினேன். டொக் டொக்.

“அந்தப் பாவி நான்தான்” என்றேன். “பியூன் சாகலைக்கா. தையல்காரர்கிட்டேருந்து வாங்கி அதே படியில நான்தான் விட்டேன். ரெண்டும் தனியா இருக்குமேன்னு விட்டேன்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. முன்னால் இருந்த மைக்கை மறந்து, ஊரே அதிரக் கத்தினாள். “செத்துப்போச்சுன்னு சொன்னியேடா! நாப்பத்தெட்டு வருஷம்டா, படுபாவி! நாப்பத்தெட்டு வருஷம் நான் ஒருத்தியா...” கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள். என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

தலைவி தொண்டையைக் கனைத்துவிட்டு, மரபணு மீனுக்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். கைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்தன. அக்கா தன் இடத்துக்குப் போகவில்லை. நேராக என் மேசைக்கு வந்து, என் பக்கத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் கையைத் தூக்கினாள்.

நான் ஆராய்ச்சிப் பெண்ணிடம் கேட்டேன். “கடைசியா இருக்கப்போற மீன் எப்படி இருக்கும்மா?”

“ஆணா இருக்கும். பெண்ணெல்லாம் போனப்புறம் ஒண்ணோ ரெண்டோ ஆண் மட்டும் கொஞ்ச நாள் இருக்கும். அப்புறம் அதுவும் இருக்காது.”

ஜாம் பாட்டில் கண்முன் வந்து நின்றது. முன்னால் போக ஆளில்லாமல் அது சுற்றிச் சுற்றி வந்தது. இப்போது ஏரி அளவுக்குப் பெரிய பாட்டில். என் கை மேசையை விட்டு எழவே மாட்டேன் என்றது.

அக்காவுக்கும் அதே நினைவு வந்திருக்க வேண்டும். “பியூன் தனியா இருக்கும்டா” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. என் மணிக்கட்டைப் பிடித்தாள். எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கிய கை அது. “இந்தத் தடவை தெரிஞ்சே விடணும். தூக்கு” என்றாள்.

தூக்கினேன்.